திருகோணமலையில் பராமரிப்பு மின்தடை: அந்த ஒன்பது மணித்தியாலத்தில் லைனில் என்னதான் நடக்கிறது?

ஐஸ்வாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கும் சின்ன ஆலை ஒன்று நடத்துகிறேன். வருகிற ஞாயிறு காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்பு வேலைக்காக மின்சாரம் இருக்காது என்று அறிவித்தல் வந்திருக்கிறது. எங்கள் பக்கம் லைனில் ஒரு குறையும் இல்லை, கரண்ட் ஒழுங்காகத்தான் வருகிறது. பழுதாகாத ஒன்றை ஏன் ஒன்பது மணித்தியாலம் நிறுத்த வேண்டும்?

தொட்டியில் இருக்கும் உப்புத் தண்ணீர் சூடேறிவிட்டால் அதைத் திரும்பக் குளிரவைக்க இரவு முழுக்க மோட்டார் ஓட வேண்டும். திங்கட்கிழமை விடியப்புறம் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஐஸ் கிடைக்காது. அதனால்தான் கேட்கிறேன். மேலே ஏறி உண்மையில் என்ன செய்கிறார்கள்? அது தேவைதானா? அந்த நாளில் என் பக்கத்தில் நான் செய்ய ஏதும் இருக்கிறதா?

பழைய_ஈஎஸ் எழுதியது:

தம்பி, நியாயமான கேள்வி. நான் மின் அத்தியட்சகராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை செய்ததில் கூடுதலான காலம் கரையோரத்தில்தான். கீழே நின்று பார்த்தால் எல்லா லைனும் நல்லாத்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் முதலில் பேச வேண்டியது உப்பைப் பற்றி. கிரிட் உபநிலையத்தில் 132 கிலோவோல்ட்டில் வருவதை 33 ஆக்கி ஊருக்குள் அனுப்புகிறார்கள். அந்த 33 கிலோவோல்ட் கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்து வைத்திருப்பது இன்சுலேட்டர் ஒன்றுதான். மாசி கழிந்தால் புரட்டாசி வரைக்கும் இங்கே பெருமழை குறைவு. பின்னேரங்களில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அதன்மேல் படியவைத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த உப்பால் பெரிய கரைச்சல் இல்லை. விடியப்புறப் பனியோ சின்னத் தூறலோ விழுந்தால்தான் ஆபத்து. பெருமழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். தூறல் நனைக்கும், கழுவாது. நனைந்த உப்புப் படலம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்னோட்டம் கசியும். கசியும்போது சூடாகி அந்தப் படலத்தில் சில பட்டிகள் காயும். காய்ந்த பட்டியில் மொத்த அழுத்தமும் விழ, அதற்குக் குறுக்கே பொறி பாயும். இரவில் டைக் வீதிப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ கம்பத்துக்குக் கீழே "சிர்ர்" என்ற சத்தமும் நீலப் பொறியும் கண்டிருந்தால், நீங்கள் கண்டது அதைத்தான். அந்தப் பொறி நீண்டு மேலிருந்து கீழ்வரை பாய்ந்தால் பீடர், அதாவது ஊருக்குள் வரும் அந்த 33 லைன், முழுவதும் நின்றுவிடும்.

பலர் மழைக்காலத்தில்தான் லைன் கெடும் என்று நினைக்கிறார்கள். காற்றும் மரமும் செய்யும் சேதம் அப்போதுதான், அது உண்மை. ஆனால் இன்சுலேட்டருக்கு மோசமான நேரம் கோடை முடிந்து முதல் தூறல் விழும் அந்தச் சில நாட்கள். அதற்கு முன்பே கழுவ வேண்டியதைக் கழுவி, வெடித்ததை மாற்றி முடிக்க வேண்டும். ஆவணியில் உங்களுக்கு இந்த அறிவித்தல் வந்திருப்பது எனக்குச் சந்தோஷம். சரியான மாதத்தில் செய்கிறார்கள்.

லைன் உயிரில்லாமல் இருக்கும் அந்த ஒன்பது மணித்தியாலத்தில் இதோடு இன்னும் பல வேலை நடக்கும். முதலில் வருவது பொருத்துகள். அலுமினியக் கம்பி அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசிந்து இளகும் உலோகம். இன்று இறுக்கிய பொல்ட் சில வருடத்தில் தளர்ந்திருக்கும். செப்பும் அலுமினியமும் நேராகச் சேர்ந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். அதற்கென்றே இரட்டை உலோகப் பொருத்துகள் இருக்கின்றன. பழைய லைனில் அது இல்லாத இடம் ஏராளம். அப்புறம் ட்ரான்ஸ்போமரில் எண்ணெய் மட்டம், கசிவு, மூச்சுக்குழாயில் இருக்கும் சிலிக்கா ஜெல்லின் நிறம். நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் உள்ளே போகத் தொடங்கிவிட்டது என்று எடுக்க வேண்டும். எண்ணெய் மாதிரியை 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்து எத்தனை கிலோவோல்ட்டில் உடைகிறது என்று பார்ப்பார்கள். 30க்குக் கீழே வந்தால் வடிகட்ட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மூச்சுக்குழாயே இல்லாமல் மூடி அடைத்த சின்ன ட்ரான்ஸ்போமர்களும் உண்டு, அவற்றுக்கு இந்த வேலை இல்லை.

கிண்ணியா_பாலம் எழுதியது:

ஐயா, அந்தச் சிர்ர் சத்தம் எங்கள் வீட்டுக்கு முன் கம்பத்தில் தை மாதம் விடியும்வரை கேட்கும். பிள்ளைகள் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இதை அறிவிக்க வேண்டுமா, இல்லை எல்லா இடத்திலும் இருப்பதுதானா?

பழைய_ஈஎஸ் எழுதியது:

அறிவியுங்கள் தம்பி. மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1987க்கு எடுத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைச் சொல்லுங்கள். "எங்கட வீட்டுக்கு முன்னால" என்றால் அவர்கள் தேடித் திரிய வேண்டும். பனி நேரத்தில் மெல்லிய இரைச்சல் கரையோரத்தில் சாதாரணம்தான். சத்தம் பொரிவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டாலோ, பொறி கண்ணுக்குத் தெரிந்தாலோ, வானொலியில் கரகரப்பு வந்தாலோ அந்த இன்சுலேட்டர் உதவி கேட்கிறது.

மின்மாணவன் எழுதியது:

ஐயா சொன்ன உப்பு விளக்கம் அருமை. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் மின் பொறியியல் படித்து இப்போது பயிற்சியில் இருக்கிறேன்.

நாட்காட்டியைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்திக் கழற்றிப் பூட்டுவது பழைய முறை. கழற்றிப் பூட்டும்போதே பிழை புகுந்துவிடும். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி நாடு முழுக்க இருட்டானதே, அது கெரவலப்பிட்டி கிரிட்டில் பராமரிப்பு நேரத்தில் நடந்த தவறில் தொடங்கியது. பராமரிப்பும் ஒரு ஆபத்துத்தான் என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அகச்சிவப்புக் கமெரா இருந்தால் லைனை நிறுத்தாமலே சூடான பொருத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரே சுமையில் ஓடும் மூன்று கம்பிகளில் ஒன்றின் பொருத்து மற்ற இரண்டையும்விட 15 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் நீட்டா அமைப்பு போட்ட அட்டவணையும் இதைத்தான் சொல்கிறது. 4 முதல் 15 பாகை என்றால் குறை இருக்கக்கூடும், நேரம் பார்த்துத் திருத்தலாம். அப்படிப் பார்த்தபின் பிழையுள்ள இடத்துக்கு மட்டும் மின்தடை கொடுத்தால் ஒன்பது மணித்தியாலம் இரண்டாகக் குறையும். ஐஸ்வாடி அண்ணனின் ஐஸும் உருகாது.

பழைய_ஈஎஸ் எழுதியது:

தம்பி, கமெராவை நான் எதிர்க்கவில்லை. அதை எல்லா டிப்போவிலும் வைக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அதைப் பிடிக்கும் நேரம் முக்கியம். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. சுமை பாதியானால் சூடு கால்வாசி. காலை 10 மணிக்கு, வெயில் கம்பியைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது படம் எடுத்து "எல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதிவைத்தால் அது வெறும் கடதாசி. பின்னேரம் 7 மணிக்குப் போக வேண்டும். வெயில் இறங்கியிருக்கும், வீடுகளில் சுமை உச்சத்தில் இருக்கும். அப்போது தெரிவதுதான் உண்மை.

கமெராவுக்குத் தெரியாததும் இருக்கிறது. பீங்கான் இன்சுலேட்டருக்குள் ஓடும் மெல்லிய வெடிப்பு, உள்ளே துருப்பிடித்த ஊசி, மண்ணுக்குக் கீழே அரித்துப்போன எர்த் கம்பி, எதுவும் அதில் சூடாகத் தெரியாது. எர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் மின்சாரம் எவ்வளவு இலகுவாக இறங்கும் என்பதுதான் அதன் கணக்கு. மழைக்காலத்தில் அளந்தால் ஈரமண் நல்ல கணக்கைக் காட்டும். உப்புவெளி மணலில் கோடையில் அளந்து பாருங்கள், கணக்கு எங்கேயோ போயிருக்கும். மின்னல் கோடை முடிவில்தான் வரும், அப்போதுதான் அந்த எர்த் வேலை செய்ய வேண்டும். ஆகவே அளவும் கோடையிலேயே எடுக்க வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் இடங்களில் கணக்கு நல்லாக வரும், ஆனால் நாகம் (சிங்க்) பூசிய இரும்புக் கோல் சீக்கிரம் கரைந்துவிடும். அங்கே செப்புப் பூசிய கோல் போட வேண்டும்.

2020இல் நடந்தது பற்றி: அதைக் காட்டிப் பராமரிப்பைக் குறைக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒழுங்குமுறையை மீறாமல் செய் என்பதுதான் அதில் இருக்கும் செய்தி.

மின்மாணவன் எழுதியது:

எர்த் அளவு பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன் ஐயா. இதை யாரும் எங்களுக்கு வகுப்பில் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மின்சாரத்தை நிறுத்தாமல் செய்யக்கூடிய வேலை, நிறுத்தினால்தான் முடியும் வேலை என்று முதலில் பிரித்துக்கொண்டால் தடை நேரம் தானாகக் குறையும். கம்பத்தைச் சுற்றிப் பார்ப்பது, படம் எடுப்பது, சுமை அளப்பது, மின்னலைத் தாங்கும் அரெஸ்டரின் எர்த் வயர் தொங்குகிறதா என்று கீழிருந்து பார்ப்பது எல்லாம் முந்தைய வாரமே முடியலாம். அந்த அரெஸ்டர் செத்துவிட்டால் அதன் அடியில் இருக்கும் துண்டிப்பான் வெடித்து எர்த் வயரைக் கழற்றிவிடும். ரோட்டில் போகும் யாருக்கும் தெரியும். அப்படி ஒன்று தொங்கினால் அந்த ட்ரான்ஸ்போமர் அடுத்த மின்னலுக்குப் பாதுகாப்பில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

கிண்ணியா_பாலம் எழுதியது:

பீங்கானை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் ரப்பர் மாதிரி வரும் பொலிமர் இன்சுலேட்டரைப் போட்டால் இந்தக் கழுவுகிற வேலையே இருக்காதே?

மின்மாணவன் எழுதியது:

கரையோரத்துக்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணமும். சிலிக்கோன் மேற்பரப்பில் தண்ணீர் துளித்துளியாக நிற்கும், படலமாகப் பரவாது. அதனால் கசிவு குறையும். பாரமும் குறைவு. பீங்கான் என்றாலும் கடலோரத்துக்கு நீளமானதாக எடுக்க வேண்டும். மிகக் கடுமையான மாசுள்ள இடத்துக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீற்றர் என்று ஐஇசி என்ற சர்வதேச மின் தர அமைப்பின் பழைய வழிகாட்டி சொல்கிறது. 33 கிலோவோல்ட் தொகுதியின் உச்சம் 36. பெருக்கினால் மடிப்புகளின் வழியே அளக்கும் தூரம் 1,116 மில்லிமீற்றர். உள்நாட்டுக்கு வாங்கியதை அப்படியே நிலாவெளியில் தூக்கிப் போட்டால் முதல் பனிக்கே அழும்.

பழைய_ஈஎஸ் எழுதியது:

பொலிமர் நல்லதுதான். ஆனால் வெயிலில் வயதாகும். அந்தத் தண்ணீரைத் தள்ளும் குணமும் மெல்லக் குறையும். முனையில் இருக்கும் அடைப்பு விட்டுப்போய் ஈரம் உள்ளே இருக்கும் நார்க்கோலுக்குப் போனால் வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் ஒருநாள் முறியும். போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

சாம்பல்தீவுத்_தோட்டம் எழுதியது:

எல்லாரும் இன்சுலேட்டர் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வளவில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் லைன் ஓரம் மரம் வெட்ட வந்த ஆட்கள், அப்பா நட்ட கறுத்தக்கொழும்பு மாமரத்தை ஒரு பக்கம் முழுக்க மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரம். காய்க்கும் பக்கமே அதுதான். மரம் வெட்டத்தான் வேண்டும் என்பது விளங்குகிறது. ஆனால் இப்படியா?

பழைய_ஈஎஸ் எழுதியது:

பிள்ளை, அது சரியான முறை இல்லை. கொப்பை நடுவில் தறித்தால் அந்த இடத்திலிருந்து பத்துத் தளிர் நேராக மேலே பாயும், அடுத்த மழைக்குள் கம்பியைத் தொடும். ஆகவே அது மரத்துக்கும் கேடு, லைனுக்கும் கேடு. கொப்பு பிரியும் கணுவுக்குப் பின்னால், லைனை விட்டு விலகிப் போகும் கிளையை விட்டு, லைனை நோக்கி வருவதை மட்டும் எடுக்க வேண்டும். அப்படி வெட்டினால் மரம் தானாகவே மற்றப் பக்கம் வளரும். வீட்டுக்காரரிடம் முதல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வெட்டிய வளவில் அடுத்த தடவை தேத்தண்ணியும் கிடைக்கும், ஏணி வைக்க இடமும் கிடைக்கும். சொல்லாமல் வெட்டினால் கேற்றே திறக்கமாட்டார்கள், அந்த மரம் அப்படியே வளர்ந்து ஒருநாள் முழு ஊருக்கும் கரண்டை நிறுத்தும்.

தென்னை, பனை வேறு விஷயம். தலையை வெட்டினால் மரம் போய்விடும். லைனுக்குக் கீழே அவற்றை நடவே கூடாது. ஏற்கனவே நிற்கிற இடத்தில் ஓலையைக் காலாகாலத்தில் கழிப்பதும், தாழ்வழுத்த லைன் என்றால் வெறுங்கம்பியை எடுத்துவிட்டு உறையிட்ட ஏபிசி கம்பி போடுவதும்தான் வழி. உறை இருந்தால் ஓலை உரசினாலும் உடனே விழாது. அணிலுக்கும் காகத்துக்கும்கூட அது பாதுகாப்பு.

கடல்மணல் எழுதியது:

விலங்குகள் பற்றிச் சொன்னதால் ஒரு வரி. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை கிரிட்டில் ஒரு குரங்கு போய் முட்டி முழு நாடும் இருட்டான நாள். ட்ரான்ஸ்போமரில் கம்பி சேரும் பீங்கான் முனைக்கு (புஷிங்) மேலே போடும் பிளாஸ்டிக் மூடி விலை மலிந்த சாமான். குரங்கும் வௌவாலும் உள்ள எங்கள் பக்கத்தில் அது ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும்.

இனி ஐஸ்வாடி கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன், அதை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பராமரிப்புப் பிரிவைப் பார்க்கிறேன். 42 கேவிஏக்கு (மின்சுமையை அளக்கும் அலகு) மேல் எடுக்கும் மொத்தப் பாவனையாளர் என்றால் மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள பெரிய பனல் முழுவதும் எங்கள் பொறுப்பு. அவர்கள் லைனை நிறுத்தும் நாள் எங்களுக்குக் கிடைத்த நாள். வேறு எந்த நாளிலும் மெயினை நிறுத்தி வேலை செய்ய முதலாளி விடமாட்டார்.

உங்கள் மெயின் பிரேக்கர் முனைகளை முறுக்குவிசைச் சாவியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தில் இறுக்கினாலும் முனை உடையும். கேவிஏயைக் குறைத்து வைக்கும் கப்பாசிட்டர் பாங்க் இருக்கும்தானே, மோட்டார் ஆலையில் கட்டாயம் இருக்கும். அதில் வயிறு ஊதின கப்பாசிட்டர் இருக்கிறதா, கொன்டக்டர் முனை கருகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திய உடனே கை வைக்க வேண்டாம், மின்னேற்றம் இறங்க நேரம் வேண்டும். இறங்கிவிட்டதா என்று மீட்டரால் பார்த்த பிறகே தொடுங்கள். இரண்டு கப்பாசிட்டர் செத்தால் கேவிஏ கட்டணம் ஏறும், பில் வரும்வரை யாருக்கும் தெரியாது. உங்கள் ஆலை அமோனியா பாவிக்கிறது என்றால் செப்பையும் பித்தளையையும் அது தின்னும். பனல் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது. தொட்டிப் பக்கத்து உப்புத் தண்ணீருக்கும் அதே கதை.

ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானை மட்டும் கரண்ட் வந்த பிறகு அமத்திப் பாருங்கள், கரண்ட் இல்லாமல் அது வேலை செய்யாது. அமத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

கிண்ணியா_பாலம் எழுதியது:

டித்வா புயல் வெள்ளத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மீட்டர் பெட்டி நனைந்த வீடுகளில் சிலர் தண்ணீர் வடிந்ததும் மெயினைப் போட்டுவிட்டார்கள். பனல் உள்ளே நனைந்தால் காயவைத்து, இன்சுலேஷனை மெகர் என்ற சோதனை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே போட வேண்டும் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்னொரு கேள்வி. எங்கள் ஒழுங்கையில் ஒரு இரவு சில வீட்டில் பல்ப் மங்கியது, சில வீட்டில் வெள்ளை வெளேரென்று எரிந்தது. பக்கத்து வீட்டில் டிவியும் பிரிஜ்ஜும் போய்விட்டன. இதுவும் பராமரிப்புச் சம்பந்தமானதா?

பழைய_ஈஎஸ் எழுதியது:

ஓம், நூற்றுக்கு நூறு. நியூட்ரல் விட்டுப் போயிருக்கிறது. மூன்று கம்பிக்கும் பொதுவான அந்தக் கம்பி ட்ரான்ஸ்போமரிலோ வழியிலோ கழன்றால், வீடுகள் இரண்டிரண்டு கம்பிகளுக்கு இடையே தொடராக மாட்டிக்கொள்ளும். இரண்டு கம்பிக்கு இடையே 400 வோல்ட். சுமை கூடின வீட்டில் வோல்ட்டேஜ் இறங்கும், சுமை குறைந்த வீட்டில் ஏறும். எங்களுக்கு இருக்க வேண்டியது 230, கூடியும் குறைந்தும் 6 வீதம், அதாவது 216க்கும் 244க்கும் இடையில். அதைத் தாண்டி 300க்கு மேல் போனால் பிரிஜ் எப்படித் தாங்கும்?

இது திடீரென்று வருவதில்லை. நியூட்ரல் பொருத்து பல மாதமாகத் தளர்ந்து சூடாகித்தான் கழரும். தம்பி சொன்ன கமெராவுக்கு அது அழகாகத் தெரியும். மூன்று கம்பியிலும் சுமை சமமில்லாவிட்டால் நியூட்ரலில் ஓட்டம் கூடும், அதனால்தான் சுமையை அளந்து வீடுகளை மாற்றிக் கட்டுவதும் பராமரிப்பில் ஒரு பகுதி. ட்ரான்ஸ்போமருக்கும் அது நல்லது. அதற்குள்ளே மிகச் சூடான இடம் 98 பாகையில் இருந்தால் சாதாரண வயது, அதற்கு மேல் ஒவ்வொரு 6 பாகைக்கும் உள்ளே கம்பியைச் சுற்றிய காகித உறை இரட்டை வேகத்தில் கிழடாகும்.

பக்கத்து வீட்டில் அயன் போடும்போது உங்கள் பல்ப் பிரகாசித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். மெயினை நிறுத்துங்கள், அப்புறம் 1987.

லைன்மேன்_மகள் எழுதியது:

இந்த இழையை முழுக்க வாசித்தேன். என் அப்பா லைன்மேன். ஐஸ்வாடி அண்ணாவிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். அந்த ஞாயிறு ஜெனரேட்டர் ஓட்டப் போகிறீர்களா?

ஓட்டினால் அது லைனோடு சேராமல் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்துங்கள். லைனையும் ஜெனரேட்டரையும் மாற்றிப் போடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வயரை ஏதாவது ஒரு பிளக்கில் செருகி ஓட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் 230 வோல்ட் சர்விஸ் வயர் வழியாக வெளியே போய், ட்ரான்ஸ்போமரைப் பின்பக்கமாக ஏறி, மேலே 33 கிலோவோல்ட்டாக வெளியே வரும். அந்தக் கம்பியில் அப்போது ஒருவர் கை வைத்திருப்பார். லைனை நிறுத்தி, உயிர் இல்லை என்று சோதித்து, இரண்டு பக்கமும் எர்த் போட்ட பிறகுதான் ஏறுவார்கள். அந்த எர்த் இருப்பதே இப்படி யாரும் தெரியாமல் அனுப்பினால் காப்பாற்றத்தான். ஆனாலும் அது கடைசிக் காவல். முதல் காவல் உங்கள் சுவிட்ச்.

மெயின் கிரிட் இல்லாவிட்டால் கூரைச் சோலார் இன்வேட்டர் தானாக நின்றுவிடும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஜெனரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது.

ஐந்து மணிக்கு முன்னமே கரண்ட் வரலாம், வராமலும் போகலாம். நான்கு மணிக்குத் தொலைபேசியில் கத்தி அவசரப்படுத்த வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். அவசரத்தில்தான் எர்த்தைக் கழற்ற மறப்பார்கள், ஆள் இறங்கினாரா என்று எண்ணாமல் விடுவார்கள்.

ஐஸ்வாடி எழுதியது:

தங்கச்சி, எங்களிடம் சேஞ்ச் ஓவர் இருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் சேராதபடி பூட்டும் உண்டு. நாளைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அது சரியாக விலகுகிறதா என்று பார்க்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

கடல்மணல் சொன்னபடி பனல் வேலையை அந்த நாளுக்கே வைத்துக்கொள்கிறேன். கப்பாசிட்டரைத் திறந்து பார்த்து வருடக்கணக்காகிறது. சனி இரவே தொட்டியை முழுக் குளிரில் வைத்து, மூடியைத் திறக்காமல் விட்டால் ஒன்பது மணித்தியாலத்தைப் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். ஆவணியில் செய்ய வேண்டும் என்பதை ஏற்கிறேன், ஆனால் எந்த ஞாயிறு என்பதை மாற்றக் கேட்கலாமா? பூரணை நாட்களில் நிலவு வெளிச்சத்தில் வலைக்கு மீன் குறைவு, கடலுக்குப் போகும் வள்ளமும் குறைவு. அந்த நாட்களில் ஐஸ் யாரும் கேட்பதில்லை.

பழைய_ஈஎஸ் எழுதியது:

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்தத் தடவை ஆளும் சாமானும் ஒழுங்கு செய்திருப்பார்கள், மாற்றச் சொன்னால் வேலை பின்போய் மழைக்குள் விழும். அதனால் இந்த ஞாயிறை விட்டுவிடுங்கள். அடுத்த வருடத் திட்டம் போடுவதற்கு முன், உங்கள் சங்கத்தின் பெயரில் பிரதேச மின் பொறியியலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஐஸ் ஆலைகள் எந்தப் பீடரில் இருக்கின்றன, ஆடி ஆவணியில் பூரணை எந்தத் திகதி, எந்த நாட்களில் தடை வந்தால் உங்களுக்குப் பரவாயில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஹோட்டல்காரர் தங்களுக்குப் பரவாயில்லாத நாட்களையும் அதிலேயே சேர்க்கலாம். திட்டம் போடுகிறவருக்கு அப்படி ஒரு தாள் கையில் கிடைத்தால் உண்மையில் உதவி. நான் இருந்த காலத்தில் யாரும் கொண்டுவந்து தந்ததில்லை.

கடல்மணல் எழுதியது:

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களின் பட்டியலை நான் எடுத்துத் தருகிறேன். ஐஸ்வாடி, தனிமடலில் தொடர்புகொள்ளுங்கள்.